டாலர் காலம் முடியப் போவுதுன்னா வெளிநாட்டுக் காச எதுல வைக்கிறது? திர்ஹம், எஃப்.சி.என்.ஆர், என்.ஆர்.இ, பவுனு ஒரு ஒப்பீடு

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டின்னு நம்ம கடக்கரை ஊருக எதுல போயி கேட்டாலும் வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவுல இருக்காக, இல்ல இருந்துட்டு வந்திருக்காக. இப்ப கொஞ்ச நாளா அவுக எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், டாலர் காலி ஆவப் போவுதாமே, அப்ப சேத்து வச்ச காச எதுல வைக்கிறது. சார்ஜாவுல இருக்க என் மாமி மவன் மச்சான் இதையே வாய்ஸ் மெசேஜ்ல கேட்டாரு. இன்னும் ரெண்டு வருசத்துல ஊருக்கு வந்துரலாம்னு இருக்காரு, வீடு பாதி கட்டி நிக்குது, மவ பத்தாவது படிக்குது. அவருக்கு சொன்னதத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன், ஏன்னா இதுல தப்பா முடிவெடுத்தா போறது பாலைவன வெயில்ல நின்னு சேத்த காசு.

மொதல்ல ஒண்ணு தெளிவாயிரணும். "டாலரோட ஆதிக்கம் குறையுது"ங்கறது ஒரு விசயம், "டாலர் ரூபாய்க்கு எதிரா விழுது"ங்கறது வேற விசயம். வாட்ஸ்அப்ல வர்ற அம்புட்டு மெசேஜும் இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிருது. 2025ஆம் வருசத்தையே எடுத்துக்கங்க. அந்த வருசம் மொதப் பாதியில மட்டும் யூரோ, பவுண்டு, யென் மாதிரி பெரிய கரன்சிகளுக்கு எதிரா டாலர் 10 சதவீதம் பக்கம் எறங்குச்சு, மே மாசம், நாடுகளோட கடன் தகுதிக்கு மார்க் போடுற மூடிஸ் கம்பெனி அமெரிக்காவோட ரேட்டிங்க ஒரு படி எறக்குச்சு, அக்டோபர்ல தங்கம் அவுன்ஸ் 4000 டாலரத் தாண்டிச்சு. இம்புட்டும் நடந்த அதே வருசம் டிசம்பர்ல டாலருக்கு நம்ம ரூபா 90 தாண்டிப் போச்சு. உலகத்துல டாலர் எறங்குன வருசத்துலயே நமக்கு டாலர் ஏறுச்சு. யூரோவுல பாத்தா இன்னும் மோசம், வருச ஆரம்பத்துல 90க்கு கீழ இருந்தது முடிவுல 100க்கு மேல. அதனால டாலர் சரியுதுன்னு கேள்விப்பட்ட உடனே எல்லாத்தையும் ரூபாயா மாத்திப்புடணும்னு ஓடுறவங்க தப்பான கணக்குப் போடுறாக.

சரி, ஆதிக்கம் குறையுறது உண்மையா? உண்மைதான், ஆனா மெதுவா. ஒவ்வொரு நாட்டு சென்ட்ரல் பேங்க்கும் இக்கட்டுக்குன்னு வெளிநாட்டுக் காசு வச்சிருக்கும்ல, அதத்தான் ரிசர்வுங்கறாக. உலகம் முழுக்க இருக்க ரிசர்வுல 1999ல டாலரோட பங்கு 71 சதவீதம் பக்கம், 2024 கடைசியில 58 பக்கம். கால் நூற்றாண்டுல 13 சதவீதம். அந்த எடத்த யாரு புடிச்சாங்கன்னு பாத்தா தனி ஆளு யாரும் இல்ல, யூரோ அதே 20 சதவீதத்துல நிக்குது, சீன யுவான் 2 சதவீதம் சொச்சம், மிச்சம் ஆஸ்திரேலிய டாலர், கனடா டாலர், கொரியா வோன்னு சில்லறையாப் பிரிஞ்சிருக்கு. அதே சமயம் ஊரு உலகத்துல ஒரு நாள்ல நடக்குற கரன்சி வியாபாரத்துல பத்துல ஒம்போதுல ஒரு பக்கம் டாலர்தான் நிக்குது, இது 2025ல எடுத்த சர்வேலயும் மாறல. காரணம் பாசம் இல்ல. ஒரு நாடு பல ஆயிரம் கோடி டாலர ஒரே நாள்ல போட்டு ஒரே நாள்ல எடுக்கணும்னா அந்த அளவுக்கு ஆழமான சந்தை அமெரிக்க அரசு கடன் பத்திரத்துக்குத்தான் இருக்கு. யுவான்ல போட்டா சீன அரசு நெனச்சாத்தான் வெளிய எடுக்க முடியும். பெரியபட்டினத்துல மண்ணத் தோண்டுனா பழைய சீனப் பீங்கான் ஓடு கெடைக்குது, அம்புட்டு நூற்றாண்டுக்கு முன்னாடியே நமக்கும் சீனாவுக்கும் வியாபாரம் இருந்திருக்கு, அதுல மாத்துக்கருத்தே இல்ல. ஆனா வியாபாரம் பண்றது வேற, சேமிப்ப அவன்கிட்ட வைக்கிறது வேற. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், தென்னாப்பிரிக்கான்னு சேந்த பிரிக்ஸ் கூட்டணிக்கு தனி கரன்சி ஒண்ணு வருது வருதுன்னு பேசுறாங்களே, 2023 ஜோகன்னஸ்பர்க் மாநாட்டுல அப்படி எதுவும் வரல, டாலர ஒதுக்குறது எங்க கொள்கை இல்லன்னு இந்தியாவே சொல்லிருச்சு. அதனால யுவானையும் பிரிக்ஸையும் இந்த ஒப்பீட்டுல இருந்தே எடுத்துடறேன், நம்ம ஆளுக போடக்கூடிய எடம் இல்ல.

ஆனா ஒரு கரன்சி எப்படி எடத்த விடும்ங்கறதுக்கு நம்ம கதையே ஒண்ணு இருக்கு, இது பல பேருக்குத் தெரியாது. ஒரு காலத்துல வளைகுடாவுல ஓடுனது நம்ம ரூபா. குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், ஓமன் எல்லா எடத்துலயும் கடையில ரூபா நோட்டுத்தான். தங்கக் கடத்தலுக்கு ரூபா வெளிய போவுதுன்னு 1959ல ரிசர்வ் பேங்க் வளைகுடாவுக்குன்னே தனி நோட்டு அடிச்சுச்சு. குவைத் 1961லயும் பஹ்ரைன் 1965லயும் சொந்த தினார் போட்டுக்கிட்டாக. 1966 ஜூன் 6ந்தேதி இந்தியா ரூபா மதிப்ப டாலருக்கு 4.76ல இருந்து 7.50க்கு எறக்குச்சு. கையில ரூபா வச்சிருந்த ஷேக்குமாருக்கும் வியாபாரிகளுக்கும் ராத்திரியோட ராத்திரியா மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு. துபாயும் கத்தாரும் அந்த வருசமே ரூபாய விட்டுட்டாக, ஓமன் மட்டும் 1970 வரைக்கும் வச்சிருந்துச்சு. திர்ஹம் வந்தது 1973ல. இன்னைக்கு நம்ம புள்ளைக அங்க போயி திர்ஹம் சம்பாதிச்சு ரூபாயா மாத்துறாக, அவுக பாட்டன்மாரு காலத்துல அங்கயே ரூபாய்தான்னு நெனக்கும்போது மனசு கனக்குது. வருசக்கணக்கா கட்டுன நம்பிக்கை, வச்சிருக்கவன் நஷ்டத்தப் பாத்த பெறகு திரும்பி வரவே இல்ல.

டாலரும் இப்படி வாக்குத் தவறுனதுதான். 1944ல பிரெட்டன் உட்ஸ்ங்கற எடத்துல பல நாடுக கூடி 35 டாலருக்கு ஒரு அவுன்ஸ் தங்கம்னு கணக்கு வச்சு, 1971 ஆகஸ்ட் 15ந்தேதி அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் இனிமே தங்கம் தர மாட்டோம்னுட்டாரு. 1980 ஜனவரில தங்கம் 850 டாலருக்குப் போச்சு. ஆனா பாருங்க, டாலரோட எடத்துல வேற எதுவும் வந்து உக்காரல. எடம் போவாமயே மதிப்பு போச்சு. ரூபாய விட்டுட்டுப் போவ வளைகுடாக்காரனுக்கு வேற எடம் இருந்துச்சு, டாலர விட்டுட்டுப் போவ யாருக்கும் எடம் இல்ல, இப்பவும் அதே நெலமதான்.

டாலர் இல்லாமப் போனா என்ன ஆவும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவுல சுமாரா 30 கிலோமீட்டர் கடல்தான். 2022 மார்ச்ல இலங்கையில இருந்து கைக்குழந்தையோட படகுல வந்து எறங்குனவங்கள மண்டபம் அகதி முகாம்ல கொண்டு வந்து வச்சாக. அங்க பால்மாவு இல்ல, பெட்ரோல் இல்ல, கேஸ் இல்ல, ஏன்னா வாங்க டாலர் இல்ல. ஏப்ரல்ல கடனக் கட்ட முடியாதுன்னு அரசாங்கமே அறிவிச்சுச்சு, மே மாசத்துல கையில பயன்படுத்தக்கூடிய டாலர் 5 கோடிக்கும் கம்மின்னு அவுக நிதி மந்திரியே சொன்னாரு. டாலருக்கு 200 ரூபா இருந்தது 360க்குப் போச்சு, பேங்க்ல இலங்கை ரூபாயா வச்சிருந்தவன் சேமிப்புல பாதி பக்கம் போச்சு. இந்தியாவுக்கு அந்த நெலம வரும்னு நான் சொல்லல, நம்ம ரிசர்வ் பலமா இருக்கு. ஆனா 1991ல நாமளும் தங்கத்த விமானத்துல ஏத்தி அடகு வச்சவங்கதான். அதனால சேமிப்பு முழுசையும் ஒரே நாட்டு நோட்டுல வைக்கிறதுக்கு நான் என்னைக்கும் சம்மதிக்க மாட்டேன், அது ரூபாயா இருந்தாலும் சரி டாலரா இருந்தாலும் சரி.

இப்ப ஒவ்வொண்ணா வருவோம்.

திர்ஹமாவே துபாய் பேங்க்ல விட்டு வைக்கிறது. திர்ஹம்னா அது டாலர்தான், 1997ல இருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம்னு கட்டி வச்சிருக்காக, சவூதி ரியால் 3.75. குவைத் தினார் மட்டும் 2007ல இருந்து பல கரன்சி சேந்த கூடையோட கட்டியிருக்கு. அதனால டாலர் வேணாம் திர்ஹமா வச்சிருக்கேன்னு யாராவது சொன்னா அவரு ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாம சொல்றாரு. இதுல நல்லது என்னன்னா, 2010ல 12 ரூபா சொச்சம் இருந்த திர்ஹம் 2025 கடைசியில 24 தாண்டிருச்சு, சும்மா வச்சிருந்தவருக்கே ரூபாக் கணக்குல ரெண்டு மடங்கு. ஆனா அதையே எப்பவும் நம்பக்கூடாது, 2002ல டாலர் 48, 49 இருந்துச்சு, 2007 கடைசியில 39 சொச்சத்துக்கு வந்துச்சு, அந்த அஞ்சு வருசம் ரூபா ஏறும்போது திர்ஹத்த இறுக்கிப் புடிச்சவங்க நஷ்டப்பட்டாக. இன்னொரு பிரச்சனை விசா. கேன்சல் பண்ணி வரும்போது அக்கவுண்ட்ட நான்-ரெசிடெண்ட்டா மாத்தணும் இல்ல மூடணும், ஊருக்கு வந்த பெறகு அந்த பேங்க் கஸ்டமர் கேர்ல நின்னு பேசுறது பெரிய தலவலி. வேலையில இருக்க வரைக்கும் ஆறு மாச செலவுக்கு அங்க வச்சிருக்கலாம், அதுக்கு மேல வேணாம்ங்கறது என் அபிப்பிராயம்.

அடுத்து எஃப்.சி.என்.ஆர் டெபாசிட்டும் என்.ஆர்.இ எஃப்.டியும், உண்மையான போட்டி இந்த ரெண்டுக்கும்தான். எஃப்.சி.என்.ஆர்னா நம்ம ஊரு பேங்க்லயே டாலராவே போட்டு டாலராவே எடுக்குறது, ஒரு வருசத்துல இருந்து அஞ்சு வருசம் வரைக்கும். என்.ஆர்.இன்னா போடுற அன்னைக்கே ரூபாயா மாறிரும். ரெண்டுக்கும் வெளிநாட்டுல இருக்க வரைக்கும் இந்தியாவுல வட்டிக்கு வரி இல்ல, ரெண்டையும் திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டு போவலாம், ரெண்டுலயும் ஒரு வருசத்துக்கு முன்னாடி ஒடச்சா வட்டி கெடையாது. வித்தியாசம் வட்டியும் ரூபா மதிப்பும்தான். எஃப்.சி.என்.ஆர் வட்டி அமெரிக்க வட்டியப் பொறுத்தது, 2021ல ஒரு சதவீதத்துக்கும் கீழ எல்லாம் இருந்துச்சு, அப்ப யாரும் சீண்டல. ஒரு பேச்சுக்கு என்.ஆர்.இ 6.5, டாலர் எஃப்.சி.என்.ஆர் 4.5ன்னு வச்சுக்கிட்டு கணக்குப் போடுவோம். 10 லட்சம் அஞ்சு வருசம் வருசக் கூட்டு வட்டியில என்.ஆர்.இயில 13.70 லட்சம் ஆவும். எஃப்.சி.என்.ஆர்ல டாலர் வெல அப்படியே நின்னா 12.46 லட்சம்தான். ஆனா டாலர் வருசத்துக்கு மூணரை சதவீதம் ஏறுனா 14.80 லட்சம். எங்க சமமாவுதுன்னு பாத்தா அஞ்சு வருசத்துல டாலர் மொத்தமா 10 சதவீதம் ஏறுனாப் போதும், அதாவது 90ல இருந்து 99. 1991 மதிப்புக் குறைப்புக்குப் பெறகு 26 பக்கம் இருந்த டாலர் 2025 கடைசியில 90, இந்த முப்பத்தி நாலு வருசத்துக்கு சராசரி போட்டா வருசத்துக்கு மூணரைக்குக் கொஞ்சம் மேல வருது. அதனால நீண்ட நாள் காசுக்கு என் கை எஃப்.சி.என்.ஆர் பக்கம் சாயுது. குறைஞ்ச நாளுக்கு அப்படி இல்ல, ஒரு வருசத்துல ரூபா ஏறவும் செய்யும், எறங்கவும் செய்யும், அதுல சூதாடக் கூடாது.

வட்டியே வேணாம்னு இருக்கவங்க நம்ம பக்கம் நெறைய பேரு இருக்காக, கீழக்கரையில பாதி வீடு அப்படித்தான், அவுககிட்ட மேல சொன்ன கணக்கப் பேசுறதுல அர்த்தம் இல்ல. அவுகளுக்கு சபுர்ல, அதாவது வெளிநாட்டுல, இருக்க வரைக்கும் அங்க இருக்க இஸ்லாமிய பேங்க்ல லாபப் பங்கு டெபாசிட் ஒரு வழி, அது திர்ஹம்தான்கறதால டாலர் பாதுகாப்பும் சேந்து வந்துரும். வந்த பெறகு பவுனு, எடம், இல்ல நம்பிக்கையான வியாபாரத்துல பங்கு. எடத்தப் பத்தி மட்டும் சொல்றேன், கிழக்குக் கடற்கரை சாலை ஓரத்துல வாங்கிப் போட்டு அவசரத்துக்கு விக்க முடியாமத் தவிக்கிறவங்கள நான் நேர்ல பாக்குறேன், ஆஸ்பத்திரி செலவுக்கு எடம் உதவாது.

பவுனு. உலகத்துல டாலர் மேல இருக்க பயம் எங்க போயி நிக்குதுன்னா தங்கத்துலதான். 2022ல உக்ரைன் போருக்குப் பெறகு ரஷ்யாவோட ரிசர்வ்ல 30,000 கோடி டாலர் பக்கம் மேற்கு நாடுகள் முடக்கிட்டாக, அதப் பாத்த மத்த நாட்டு சென்ட்ரல் பேங்குக 2022, 2023, 2024ன்னு மூணு வருசமும் வருசத்துக்கு 1000 டன்னுக்கு மேல வாங்குனாக. நம்ம ரிசர்வ் பேங்க்கும் 2009ல ஐ.எம்.எஃப்கிட்ட 200 டன் வாங்குச்சு, 2025 மார்ச்ல மொத்தம் 880 டன் பக்கம் வச்சிருந்துச்சு, லண்டன்ல இருந்ததுல ஒரு பகுதிய ஊருக்கே கொண்டு வந்துருச்சு. வைகை கடல்ல சேர்ற எடத்துக்குப் பக்கத்துல அழகன்குளத்துல ரோமானியக் காசு எடுத்தாகல்ல, அந்த ரோம்காரன் நீரோ காலத்துல இருந்து வெள்ளிக் காசுல வெள்ளியக் கொறச்சுக்கிட்டே போயி இருநூறு வருசத்துல வெறும் பூச்சு மட்டும்தான் மிஞ்சுச்சு. அரசாங்கம் காச நீர்த்துப்போக விடுறது புதுசு இல்ல, தங்கத்த அப்படி நீர்க்க வைக்க முடியாது, அதுக்காகத்தான் அது வேணும். ஆனா தங்கமும் வருசக் கணக்கா படுக்கும், 2011ல 1900 டாலர் போயி 2015 கடைசியில 1050க்கு வந்துச்சு, 1980 ஒசரத்துல வாங்குனவன் இருவது வருசம் காத்திருந்தும் மொதலு வரல. அதுவும் நகையா வாங்குனா செய்கூலி சேதாரம், மேல 3 சதவீதம் ஜி.எஸ்.டி, விக்கும்போது அதெல்லாம் போன காசு. காசா, பிஸ்கட்டா வாங்குங்க, சேமிப்புல கால் பங்குக்கு மேல வேணாம்.

பேங்க் இல்லாம ஆள் மூலமா காசு கை மாத்துற உண்டியல்ல (ஹவாலா) அனுப்புனா ரெண்டு ரூபா சேத்துக் கெடைக்கும்னு சொல்றவங்ககிட்ட போயிராதீங்க. அது சட்டப்படி குத்தம்ங்கறது ஒரு பக்கம், அந்தக் காசு எந்தக் கணக்குலயும் வராததால நாளைக்கு எஃப்.சி.என்.ஆரும் போட முடியாது, எடம் வாங்கும்போது வழியும் காட்ட முடியாது.

நண்டு, கணவாய், எறால் ஏற்றுமதி பண்றவங்களும் கேட்டாக. உங்க கணக்கு வேற. மண்டபம் பக்கத்து நீலக்கால் நண்டு சதை டப்பாவுல அமெரிக்காவுக்குத்தான் பெரும்பாலும் போவுது, பில்லு டாலர்ல, டாலர் ஏறுனா உங்களுக்கு லாபம், ஆனா 2025 ஆகஸ்ட்ல இந்திய சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்ப அதே டாலர்க்காரன்தான் கழுத்தப் புடிச்சான், கரையில வலைக்காரனுக்கு வெல கொறஞ்சதும் அதனாலதான். உங்க வருமானமே டாலரா இருக்கும்போது சேமிப்பையும் டாலர்ல வைக்கிறது ரெண்டு காலையும் ஒரே படகுல வைக்கிறதுதான், நீங்க ரூபாயும் தங்கமும் வைக்கலாம். ஏற்றுமதிக் காச டாலராவே வாங்குற இ.இ.எஃப்.சி அக்கவுண்ட்ல டாலர தேக்கி வைக்கலாம்னு சிலர் நெனக்கிறாக, வந்த மாசத்துக்கு அடுத்த மாசக் கடைசிக்குள்ள ரூபாயா மாத்தியாவணும், அதுல சேமிக்க முடியாது. வெல பயம் இருந்தா, பின்னால வரப்போற டாலருக்கு இன்னைக்கே வெல பேசி வைக்கிற ஃபார்வேர்டு ஒப்பந்தத்த பேங்க்ல போட்டுக்கங்க.

மச்சானுக்கு நான் சொன்னது இதுதான். வீடு முடிக்கிற காச இன்னைக்கே ரூபாயாக்கி வச்சுக்கங்க, கொத்தனாருக்கும் சிமெண்டுக்கும் ரூபாதான் குடுக்கணும், அதுல டாலர் ஏறும்னு காத்திருக்க வேணாம். மவ காலேஜ் காசு, உள்ளூர்ல படிக்கிறதுன்னா பாதி என்.ஆர்.இ பாதி எஃப்.சி.என்.ஆர், வெளிநாட்டுக்கு அனுப்புற யோசனை இருந்தா முழுசும் டாலர்லயே இருக்கட்டும், ஃபீஸ் எந்தக் கரன்சியில கட்டணுமோ அந்தக் கரன்சியிலதான் சேக்கணும். எப்ப எடுப்போம்னு தேதி இல்லாத காசுல முக்கால் எஃப்.சி.என்.ஆர், கால் பங்கு தங்கம். ஒண்ணு நடந்தா மட்டும் இந்த முடிவ மாத்துவேன், சவூதியோ அமீரகமோ டாலரோட இருக்க கட்ட அவுத்துட்டு குவைத் மாதிரி கூடைக்குப் போனா. எண்ணெய விக்கிறவங்களே டாலர நம்பலன்னு அதுக்கு அர்த்தம், அப்ப எஃப்.சி.என்.ஆர்லயே டாலரக் கொறச்சு யூரோவும் பவுண்டும் சேப்பேன். 2023ல அபுதாபி கச்சா எண்ணெய்க்கு இந்தியன் ஆயில் ரூபாயில காசு குடுத்தது நல்ல ஆரம்பம்தான், எனக்கு அதுல பெருமையும் உண்டு, ஆனா ஒரு கப்பலுக்குக் குடுத்தத வச்சு குடும்பத்து சேமிப்ப நகர்த்த முடியாது.

ஊருக்கு வந்து தங்குன பெறகும் எஃப்.சி.என்.ஆர் டெபாசிட் முதிர்ச்சி தேதி வரைக்கும் அதே வட்டியில ஓடும், முடிஞ்ச பெறகு, ஊருக்குத் திரும்பினவங்க வெளிநாட்டுக் காச வச்சுக்கிற ஆர்.எஃப்.சி அக்கவுண்ட்டுக்கு மாத்தி டாலராவே வச்சுக்கலாம். அதனால திரும்பி வர்றதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடி அஞ்சு வருசத்துக்குப் போட்டுட்டு வர்றது நல்லது. டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு பேங்க்குக்கு ஒரு ஆளுக்கு 5 லட்சம்தான், என்.ஆர்.இ, எஃப்.சி.என்.ஆர் எல்லாம் சேத்து, அதனால ரெண்டு மூணு பேங்க்ல பிரிச்சுப் போடுங்க, எல்லாத்துலயும் நாமினியா வீட்டுக்காரவுக பேர எழுதி ரசீது ஒரு காப்பிய ஊருல குடுத்து வைங்க.